குட்டைக்கு மேலே ஒரு நுரைக் கூடு
காப்பித் தோட்டத்துப் பறக்கும் தவளையும் ஆனி மாத வேலைகளும்

மேற்கு மலைத் தொடரில் காப்பி, மிளகு, ஏலம் பயிரிடும் சிறு விவசாயிகள் ஆனி, ஆடி மாதங்களில் ஒரு காட்சியைக் கண்டிருக்கலாம். தென்மேற்குப் பருவமழை பிடித்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். தோட்டத்துக் குட்டையில் தண்ணீர் ஏறியிருக்கும். குட்டையின்மேல் சாய்ந்து நிற்கும் கிளையில், இலைகளுக்கு நடுவே, சோப்பு நுரையை அள்ளி அப்பினாற்போல ஒரு வெள்ளை உருண்டை தொங்கும். ஒரு கைப்பிடி அளவு இருக்கும். விவரம் தெரியாதவர்கள் அதைப் பூச்சிக் கூடு என்று எண்ணி, கிளையோடு வெட்டி எறிந்துவிடக் கூடும். ஏதோ நோய் கண்டுவிட்டது என்று மருந்து அடிக்கவும் கூடும்.

அது மலபார் பறக்கும் தவளையின் முட்டைக் கூடு. பயிருக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. உள்ளே நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கும். அந்தக் கிளை ஒரு வாரம் அப்படியே இருந்தால் அவ்வளவும் தலைப்பிரட்டைகளாகிக் குட்டையில் விழும். கிளை போனால் அந்தக் கூட்டிலிருந்து ஒன்றும் மிஞ்சாது. ஆகவே, மழைக்கு முந்திய கவாத்து, களை, மருந்து வேலைகளைத் தொடங்கும் முன் இத்தவளையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது.

தேரையின் உறவினம்

சமவெளி விவசாயிகளுக்கு இத்தவளையின் உறவினம் ஒன்று நன்றாகப் பழக்கமானது. குளியலறைச் சுவரிலும், தண்ணீர்த் தொட்டியின் ஓரத்திலும், தென்னை மட்டை இடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய பழுப்பு நிறத் தவளையைப் பல ஊர்களில் தேரை என்கிறோம். அதுவும் மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுத்தட்டு இருப்பதால் செங்குத்தான சுவரிலும் ஏறும். கிணற்றுச் சுவரிலும் தொட்டி ஓரத்திலும் அதுவும் நுரைக் கூடுதான் கட்டும்.

இந்தத் தேரையின்மேல் நெடுங்காலப் பழி ஒன்று உண்டு. உள்ளே பருப்பு இல்லாத தேங்காயைக் கண்டால் ‘தேரை மோந்த தேங்காய்’ என்று சொல்லிவிடுகிறோம். தேரை பூச்சி தின்னும் பிராணி. தேங்காயில் அதற்கு வேலை ஏதும் இல்லை. மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததாலும், பொட்டாஷ், போரான் சத்துகள் குறைவதாலுமே காய் வெறும் ஓடாகிறது. வழக்கமான உரத்தோடு மரத்துக்குக் கூடுதலாக 2 கிலோ மியூரியேட் ஆப் பொட்டாஷும் 200 கிராம் போராக்ஸும் 3 ஆண்டுகளுக்கு இடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. தேரையை அடித்து விரட்டுவதால் ஒரு காய்கூடக் கூடுதலாகத் தேறாது.

தெரியாமையால் சமவெளித் தேரைக்கு நேர்ந்த பழிதான் மலைத் தோட்டத்து நுரைக் கூட்டுக்கும் நேர்கிறது.

பச்சை முதுகு, சிவந்த சவ்வு

மலபார் பறக்கும் தவளையில் பெண்தான் பெரியது. முழு வளர்ச்சி அடைந்த பெண் ஏறக்குறைய 4 அங்குல நீளம் இருக்கும். ஆண் அதைவிடச் சிறியது. முதுகு இளந்தளிர்ப் பச்சை. வயிறு வெளிர் மஞ்சள். விரல்களுக்கு இடையே உள்ள சவ்வு ஆரஞ்சு கலந்த சிவப்பு. பகலில் கால்களை உடலோடு சேர்த்து மடக்கிக்கொண்டு இலைமேல் அப்பிக் கிடக்கும். அப்போது சிவப்பு நிறம் முழுவதும் மறைந்துவிடுவதால் இலைக்கும் அதற்கும் வேற்றுமை தெரியாது. பக்கத்தில் நின்று காப்பிப் பழம் பறிப்பவர்கூடக் கவனிப்பது அரிது.

இருட்டியபின் அது இரை தேடப் புறப்படுகிறது. பறக்கும் தவளை என்று பெயரே தவிர, இதற்கு இறக்கை கிடையாது. உயரமான கிளையிலிருந்து தாவும்போது நான்கு கால்களையும் பரப்பி, சவ்வுகளை விசிறிபோல விரித்துக்கொள்ளும். முன்னங்கை ஓரத்திலும் குதிகாலிலும் உள்ள தோல் மடிப்புகளும் காற்றைத் தாங்கும். இப்படிச் சறுக்கிக்கொண்டே 30 முதல் 40 அடி தூரம் வரை போய் வேறொரு மரத்தில் ஒட்டிக்கொள்ளும். எதிரியிடமிருந்து தப்பவும், உச்சி மரத்திலிருந்து தண்ணீர்க்கரைக்கு இறங்கவும் இது உதவுகிறது.

சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டான் என்ற ஆங்கிலேயர் 1870இல் இத்தவளையை முதன்முதலாக விவரித்து எழுதினார். மகாராஷ்டிரம், கோவா, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் மேற்கு மலைச் சரிவுகளில் இது வாழ்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது.

நுரைக் கூடு கட்டும் விதம்

மழை பிடித்ததும் ஆண் தவளைகள் தண்ணீருக்கு மேலே உள்ள கிளைகளில் வந்து அமர்ந்து குரல் கொடுக்கும். பெண் தவளை அங்கே வந்து சேரும். ஒரு பெண்ணோடு இரண்டு, மூன்று ஆண்கள் சேர்வதும் உண்டு. பெண் தவளை பசைபோன்ற ஒரு நீரை வெளிவிட்டு, பின்னங்கால்களால் அதை அடித்து அடித்து நுரையாக்கும். நாம் முட்டையின் வெள்ளைக் கருவை அடிப்பதுபோலத்தான். அந்த நுரைக்குள்ளேயே முட்டைகளை இடும். பக்கத்து இலைகளும் நுரையில் ஒட்டிக்கொண்டு கூட்டுக்கு மறைப்பாகும்.

சிறிது நேரத்தில் நுரையின் வெளிப்பக்கம் காய்ந்து தோல்போல ஆகும். உள்பக்கம் ஈரமாகவே இருக்கும். வெயில் அடித்தாலும் முட்டைகள் உலர்வதில்லை. தண்ணீரில் இட்ட முட்டைகளை மீனும், தும்பியின் இளம்புழுக்களும், வேறு தலைப்பிரட்டைகளும் தின்றுவிடும். மேலே தொங்கும் நுரைக்குள் அந்த பயம் குறைவு.

ஒரு வாரம் அளவில் முட்டைகள் பொரிந்து தலைப்பிரட்டைகள் உண்டாகும். மழை பெய்து நுரை கரையும்போது அவை சொட்டுச்சொட்டாகக் கீழே விழும். கீழே தண்ணீர் இருந்தால் பிழைக்கும். மண் இருந்தால் மடியும். இதனால்தான் தாய்த்தவளை குட்டைக்கு நேர்மேலே உள்ள கிளையைத் தேர்ந்தெடுக்கிறது. தண்ணீரில் விழுந்த பிரட்டைகள் பாசியையும் மக்கிய இலையையும் தின்று பல வாரங்கள் வளர்ந்தபின்பே கால் முளைத்துக் கரையேறும். அதுவரை குட்டை வற்றக் கூடாது. தண்ணீரில் நஞ்சும் கலக்கக் கூடாது.

மரம், நிழல், தண்ணீர்

இத்தவளையின் வீடு எது என்று கேட்டால் பசுமை மாறாக் காடும் ஈரக்காடும் என்று சொல்லலாம். ஆனால் நிழல் மரங்கள் நிறைந்த காப்பித் தோட்டத்திலும் இது வாழ்கிறது. பலா, அத்தி, முள்முருங்கை போன்ற மரங்களின் கீழே காப்பியும், மரத்தின்மேல் மிளகுக் கொடியும், தாழ்வான இடத்தில் ஒரு குட்டையும் இருந்தால், தவளையின் கணக்கில் அது காட்டைப் போன்றதே.

அதற்கு மூன்று பொருள்கள் ஒரே இடத்தில் வேண்டும். ஏறி இருக்க மரம் வேண்டும். தோல் உலராமலிருக்க நிழலும் ஈரமும் வேண்டும். முட்டையிடும் கிளைக்குக் கீழே தேங்கிய தண்ணீர் வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டால் பயன் இல்லை. மரங்களையெல்லாம் எடுத்துவிட்டுத் திறந்த வெளியாக்கிய நிலத்தில் குட்டை மட்டும் இருந்து என்ன? குட்டையை மண் போட்டு மூடிய தோட்டத்தில் மரம் மட்டும் இருந்து என்ன?

தவளையின் தோலைப் பற்றி ஒரு வார்த்தை. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோலின் வழியாகவே உறிஞ்சுகிறது. மூச்சின் ஒரு பகுதியும் தோலின் வழியாகவே நடக்கிறது. ஆகையால் இலைமேல் படிந்த மருந்தும், தண்ணீரில் கரைந்த மருந்தும் நேரே அதன் உடம்புக்குள் போய்விடும். மாட்டுக்கும் மனிதனுக்கும் உடனே தெரியாத நஞ்சு தவளைக்கு முதலில் தெரிந்துவிடும்.

ஆனைமலையின் சொந்தத் தவளை

மலபார் பறக்கும் தவளை பல மாநிலங்களில் பரவியிருப்பதால் அது இப்போதைக்கு அழியும் நிலையில் இல்லை. அதன் உறவினம் ஒன்றின் கதை வேறு. ஆனைமலைப் பகுதியில் முதுகில் மெல்லிய கருங்கோடுகள் வலைபோல ஓடும் பச்சைத் தவளை ஒன்று உண்டு. வெகுகாலம் மலபார் தவளையையும் இதையும் எவரும் பிரித்து அறியவில்லை. கார்த்திகேயன் வாசுதேவன், சுஷீல் குமார் தத்தா என்ற இரு விஞ்ஞானிகள் 2000ஆம் ஆண்டில் இதைத் தனி இனம் என்று நிறுவினர். இப்போது ஆனைமலைப் பறக்கும் தவளை என்று அழைக்கப்படுகிறது. ஆனைமலையும் அதையொட்டிய மூணாறு பக்கத்து மலைகளுமே இதன் உலகம்.

அந்த மலையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து தேயிலைக்கும் காப்பிக்குமாகக் காடு திருத்தப்பட்டது. இன்று வால்பாறை மேட்டு நிலத்தில் தேயிலைக்கு நடுவே சோலைக்காடு துண்டுதுண்டாக நிற்கிறது. இவ்வளவு குறுகிய இடத்தில் வாழும் இனத்துக்கு ஒரு சோலையும் ஒரு சதுப்பும் போனாலே பெரிய நட்டம். உலக முழுவதும் பார்த்தாலும் நிலைமை நல்லதாக இல்லை. 2023இல் வெளியான மதிப்பீட்டின்படி, தவளை முதலான நீர்நில வாழ்வனவற்றில் 100க்கு 41 இனங்கள் அழியும் ஆபத்தில் இருக்கின்றன.

ஆனியில் மோதும் மூன்று வேலைகள்

சிறு விவசாயி யாரும் தவளையைக் கொல்ல வேண்டும் என்று நினைப்பதில்லை. தொல்லை எங்கே வருகிறதென்றால், தோட்டத்தின் முக்கிய வேலைகளும் தவளையின் இனப்பெருக்கமும் ஒரே காலத்தில் வருகின்றன.

முதலாவது, நிழல் கழிப்பது. மழைக்கு முன்னும் மழைத் தொடக்கத்திலும் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுகிறோம். காப்பிக்கு இது அவசியம். அதே வேகத்தில் குட்டைமேல் சாய்ந்த கிளையையும் கழித்துவிடுகிறோம்.

இரண்டாவது, களை. குட்டைக் கரையில் களைக்கொல்லி அடித்தால் மழையில் கரைந்து நேரே தண்ணீரில் சேரும். அமெரிக்க விஞ்ஞானி ரிக் ரெலியா 2005இல் வெளியிட்ட சோதனையில், கிளைபோசேட் கொண்ட களைக்கொல்லி கலந்த தண்ணீரில் தலைப்பிரட்டைகளில் மிகப் பெரும்பாலானவை மூன்று வாரத்தில் மடிந்தன. மருந்து இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் சோப்புப் போன்ற பொருளே பிரட்டைக்குப் பெருங்கேடு செய்கிறது.

மூன்றாவது, போர்டோ கலவை. காப்பியில் இலைத்துருவுக்கும், மிளகில் வாடல் நோய்க்கும், ஏலத்தில் காய் அழுகலுக்கும் மழைக்கு முன்பும், தேவையானால் மழை இடைவெளியிலும் அடிக்கிறோம். மற்ற மருந்துகளைவிட இது பழகிய மருந்து, நல்ல மருந்து. ஆனாலும் இதில் இருப்பது தாமிரம். தண்ணீரில் கலந்தால் மீனுக்கும் பிரட்டைக்கும் அது விஷம். தெளித்ததைவிட, டிரம்மையும் தெளிப்பானையும் குட்டையில் கழுவுவதே பெரிய கெடுதல்.

செய்ய வேண்டியவை

இவற்றுக்காக வேலையை நிறுத்த வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றைக் கவனித்தால் போதும். பணச் செலவு ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

1. குட்டைக்கு நேர்மேலே உள்ள கிளைகளைத் தை, மாசியில் பார்த்து, விட வேண்டிய இரண்டு மூன்று கிளைகளுக்குச் சுண்ணாம்பு தடவி அடையாளம் செய்யுங்கள். கவாத்துக்கு வரும் ஆட்களிடம் அவற்றைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நுரைக் கூடு கண்ட கிளையை எக்காரணத்தாலும் வெட்ட வேண்டாம்.

2. குட்டையைச் சுற்றி 30 அடிக்குள் களைக்கொல்லி வேண்டாம். அந்தச் சிறு இடத்தை அரிவாளால் அறுத்துவிடலாம். வேரோடு கொத்தாமல் அறுத்தால் கரை மண்ணும் சரியாது.

3. போர்டோ கலவையைச் சரியாகத் தயாரியுங்கள். ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் தண்ணீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை வேறு 50 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது. பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு குறைந்த கலவை இலையைக் கருக்கும். தண்ணீரையும் அதிகம் கெடுக்கும்.

4. டிரம், தெளிப்பான், வாளி எதையும் குட்டையிலோ ஓடையிலோ கழுவக் கூடாது. தண்ணீரை மொண்டு, தூரத்தில் மேட்டு நிலத்தில் வைத்துக் கழுவுங்கள். கழுவிய நீரைத் தெளித்த பயிரிலேயே ஊற்றுங்கள். பெருமழை வரும் அறிகுறி தெரிந்தால் அன்று மருந்து அடிக்காதீர்கள். காசும் வீண், தண்ணீரும் கேடு.

5. சிறு குட்டையில் திலேப்பியா போன்ற மீன்களை விட வேண்டாம். பிரட்டைகளை மிச்சமில்லாமல் தின்றுவிடும். மீன் வளர்க்க ஆசைப்பட்டால் அதற்கென்று வேறு குளம் வெட்டிக்கொள்ளுங்கள்.

6. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குளங்களின் கரை வழுக்கும். உள்ளே விழுந்த தவளையும் அணிலும் கோழிக்குஞ்சும் ஏற முடியாமல் மடியும். ஒரு தேங்காய்நார்க் கயிற்றையோ காய்ந்த கிளையையோ கரையிலிருந்து தண்ணீர்வரை சாய்த்துக் கட்டினால் அவை பிழைத்துக்கொள்ளும்.

7. புதிதாக நிழல் மரம் நடும்போது சில்வர் ஓக்கை மட்டுமே வரிசையாக நடாமல், இடையிடையே பலா, அத்தி போன்ற நம் மரங்களையும் நடுங்கள். குட்டைக் கரையில் அகன்ற இலை உள்ள மரம் ஒன்றாவது இருக்கட்டும்.

இரண்டு சந்தேகங்கள்

‘குட்டையைக் காப்பாற்றினால் கொசு பெருகாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உயிருள்ள குட்டையில் தும்பியின் இளம்புழுவும் நீர்ப்பூச்சிகளும் இருக்கும். கொசுப் புழுவை அவை தின்றுவிடும். டெங்குக் கொசு பெரும்பாலும் வீட்டைச் சுற்றி உள்ள பழைய டயர், தகர டப்பா, மூடாத தொட்டி ஆகியவற்றில்தான் வளர்கிறது. முதலில் அவற்றைக் கவிழ்ப்பதே கொசுவுக்கு மருந்து.

‘தவளை இருந்தால் பாம்பு வருமே’ என்பது அடுத்த கவலை. மலைத் தோட்டத்தில் பச்சைப் பாம்பும் விரியனும் தவளையைத் தின்பது உண்மை. தவளை குறைந்த தோட்டத்திலும் பாம்பு இருக்கத்தான் செய்யும். காப்பிச் செடிக்குள்ளோ ஏலத் தூருக்குள்ளோ கைவிடும் முன் கோலால் தட்டிப் பார்ப்பதும், காலுக்கு உறை அணிவதும் எந்தத் தோட்டத்திலும் தவிர்க்கக் கூடாத எச்சரிக்கை.

நமக்கு என்ன பயன்?

இத்தவளை ஒன்றே தோட்டத்துப் பூச்சிகளையெல்லாம் ஒழித்துவிடும் என்று சொன்னால் அது மிகை. இரவில் பறக்கும், ஊரும் பூச்சிகளை அது தின்கிறது. சிலந்தி, பல்லி, குருவி, வௌவால் ஆகியவற்றோடு அதுவும் ஒரு கூலியில்லா ஆள். வயல் தவளைகளின் அனுபவம் நமக்கு முன்னால் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்து தவளைக்கால் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் ஏற்றுமதியாயிற்று. வயல்களில் தவளை குறைந்து, பூச்சி மருந்துச் செலவு ஏறுகிறது என்ற கவலை எழுந்தபின் 1987இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது.

தவளையைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். தோட்டத்துக் குட்டையின் கசிவுதான் கீழே ஓடையாகிறது. அந்த ஓடையில்தான் நம் வீட்டுப் பெண்கள் துணி துவைக்கிறார்கள், மாடு தண்ணீர் குடிக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களின்மேல் ஆண்டுக்கணக்கில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததன் விளைவை அங்குள்ள குடும்பங்கள் இன்னும் சுமக்கின்றன. அந்த மருந்தை 2011இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை செய்தது. தண்ணீரில் கலந்த நஞ்சு பட்டா எல்லையைப் பார்த்து நிற்பதில்லை.

குட்டையின்மேல் வெள்ளை நுரை தொங்குகிறது, பத்து நாள் கழித்துத் தண்ணீரில் பிரட்டைகள் நெளிகின்றன என்றால், அந்தத் தண்ணீரில் உயிர் தங்குகிறது என்று அறியலாம். சென்ற ஆண்டு கண்ட கூட்டை இந்த ஆண்டு காணவில்லையென்றால், கிளை போயிற்றா, தண்ணீர் சீக்கிரம் வற்றிற்றா, மருந்து கலந்ததா என்று கரையைச் சுற்றி வந்து பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, முதல் மழை நாளையும் முதல் நுரைக் கூடு கண்ட நாளையும் ஆண்டுதோறும் குறித்து வரச் சொல்லுங்கள். நாலைந்து ஆண்டில் அந்த நோட்டு உங்கள் தோட்டத்து மழைக்கும் தண்ணீருக்கும் நல்ல கணக்குப் புத்தகமாக இருக்கும்.

இரண்டு கிளை, 30 அடிக் கரை, தூரத்தில் கழுவிய ஒரு டிரம். சிறு விவசாயியால் முடியாத காரியம் இதில் எதுவும் இல்லை. வரும் ஆனியில் அரிவாளோடு குட்டைக் கரைக்குப் போகும்போது, முதலில் ஒருமுறை தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள்.